பாயை வெட்டலாமா?

கேள்வி: டீச்சர், எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையும் மாலையும் பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் ஃபோனில் பாரிஸ், மிலன் ஃபேஷன் ஷோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்கத்தான் வசதியில்லை, பார்க்கக் காசு கேட்கமாட்டார்களே. வீட்டில் அம்மாவின் பழைய கால் மிஷின் இருக்கிறது. பிளவுஸ், சுடிதார் எல்லாம் ஓரளவு தைப்பேன்.

தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். வரவேற்பன்று நான் போட்டுக்கொள்வதை நானே செய்ய வேண்டும் என்று ஆசை. ஆச்சியின் வீரவநல்லூர் செடிபுட்டா சேலை ஒன்று இருக்கிறது, அதில் முழங்கால் வரைக்கும் ஒரு கோட்டு. அம்மாவின் கல்யாணப் பத்தமடைப் பாயில் ஒரு கிளட்ச் பை. அப்புறம் இத்தாலிக்காரர்கள் தோலைப் பின்னிச் செய்கிறார்களே, அந்தப் பை மாதிரி வயர் கூடை முடிச்சில் ஒன்று.

சோதனைக்கு ஒரு சாதாத் துணியில் கோட்டுத் தைத்துப் பார்த்தேன். கூத்துக்காரர் சட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. தம்பி, "மிக்ஸிக்கு உறையாக்கா?" என்று கேட்டான். அம்மா, பாயைத் தொடவே கூடாது என்கிறாள். அதில் அவள் பேரும் அப்பா பேரும் நெய்திருக்கும். நான் கேட்பது பேர் இல்லாத ஓரத்தைத்தான். பரணில் சும்மாதானே கிடக்கிறது? ஆபீஸில் ஒருவர், "இதெல்லாம் காப்பி அடிக்கிற வேலைதானே" என்றார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: முதலில் கத்தரியைக் கீழே வை, தாயி. பாய் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். உன் தம்பி சொன்ன மிக்ஸி உறையிலிருந்து ஆரம்பிப்போம். அவன் கேலியாகச் சொன்னாலும் பழுது எங்கே என்று சரியாகக் காட்டிவிட்டான்.

நீ பிளவுஸ் தைத்துப் பழகின கை. பிளவுஸ் உடம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியது, கோட்டு தோளில் மட்டும் உட்கார்ந்து மற்ற இடமெல்லாம் தொங்க வேண்டியது. பிளவுஸ் ஆம்ஹோலை அப்படியே எடுத்துக் கோட்டுக்கு வைத்திருப்பாய். அடித்துச் சொல்வேன், எங்கள் வகுப்பில் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வது இதுதான். கோட்டுக்கு மார்புச் சுற்றளவுக்கு மேல் 4 முதல் 6 அங்குலம் தாராளம் வேண்டும். ஆம்ஹோலை ஒரு அங்குலம் கீழே இறக்கு. கைக்கு மேல் வளைவைத் தட்டையாக வெட்டினால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுக்க மேலே ஏறாது. அப்புறம் இஸ்திரி. தைத்து முடித்தபின் கடைசியில் ஒரு தரம் தேய்ப்பது துவைத்த துணிக்குச் செய்கிற வேலை. தையலில் ஒவ்வொரு ஜாயின்டையும் அடித்த கையோடு பிரித்து விரித்துத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். விறைப்பில் பாதி அங்கேயே போய்விடும்.

இனி ஃபோனில் ஷோ பார்க்கும்போது ஒரு காரியம் செய். அந்தப் பெண் நேராக நடந்து வரும்போது நிறுத்தாதே, திரும்புகிற இடத்தில் நிறுத்து. கழுத்து ஓரம், தோள்மூட்டு, கீழ் மடிப்பு இந்த மூன்றை மட்டும் பார். துணி என்னவோ பல சமயம் நம் டவுன் ரதவீதிக் கடைகளில் கிடைப்பதைவிட ஒசத்தி இல்லை. ஓரத்தில்தான் அவர்கள் காசை வாங்கிவிடுகிறார்கள். ஷனெல் கம்பெனியின் கோட்டில் கீழ் மடிப்புக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சங்கிலியை லைனிங்கோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். வெளியே தெரியாது. அந்தக் கனத்தில்தான் கோட்டு காற்றுக்குப் பறக்காமல், இடுப்பில் சுருண்டு ஏறாமல் நேராகத் தொங்குகிறது. உனக்கு அது வேண்டுமா, அம்மாவிடம் கறுத்துப்போன கவரிங் சங்கிலி ஒன்று கட்டாயம் இருக்கும். சோடா உப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, கீழ் ஓரத்திலிருந்து அரை அங்குலம் மேலே லைனிங்கில் இரண்டு கண்ணிக்கு ஒரு தையல் போட்டுப் பிடித்துவிடு. நான் முதல் தரம் இதைச் செய்து பார்த்தபோது, இத்தனை வருஷம் கனமான துணி வாங்கினால்தான் நன்றாக விழும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமே என்று வெட்கமாகவே இருந்தது.

ஆச்சி சேலைக்கு வருவோம். அது வெட்டத் தாங்குமா என்று முதலில் தெரிய வேண்டும். பெட்டியில் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்திருந்தால் மடிப்புக் கோடுதான் முதலில் போகும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார். மடிப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துப் பார். 'சர்' என்று சின்னச் சத்தம் வந்தாலும் அந்த இடம் கோட்டுக்கு ஆகாது. மடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு நல்ல துணி இருக்கிறது என்று அளந்து எழுதிவை.

செடிபுட்டா என்றால் செடிதான், பூவோடு. வீரவநல்லூரில் சௌராஷ்டிரக் குடும்பத்தார் தறியிலேயே கையால் நூலைச் செருகிச் செருகி அந்தச் செடியை எழுப்புகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தச் சேலையை வெட்டுகிறவர்கள் செய்கிற பெரிய பிழை ஒன்று உண்டு. செடிக்கு மேல் கீழ் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். துணி மிச்சமாகட்டும் என்று முன்பக்கத்தை ஒரு வாக்கிலும் பின்பக்கத்தைத் தலைகீழாகவும் வைத்து வெட்டிவிட்டால், போட்டுக்கொண்டு போகிறவள் முதுகில் செடியெல்லாம் வேரை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். தூரத்தில் தெரியாது என்று நினைப்போம். கல்யாண வீட்டில் வீரவநல்லூர்க்காரர் ஒருவர் இருந்தால் போதும், பந்தி முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆகவே சேலையின் அகலத்தைக் கோட்டின் உயரமாக வை. கட்டும்போது காலடியில் வருகிற கரையே கோட்டின் கீழ் ஓரமாக வரட்டும். கரை நெய்து முடித்த ஓரம், பிசிறு வராது, மடித்து அடிக்கவும் வேண்டாம். பின்பக்கம் ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, ஐந்தையும் அந்தக் கீழ்க்கரையை ஒட்டியே வரிசையாக வெட்டு. அப்போது செடி எல்லா இடத்திலும் நிமிர்ந்து நிற்கும், மணிக்கட்டிலும் கரை வரும். இரண்டரை மீட்டருக்குள் முடிந்துவிடும். முந்தியைத் தொடாதே, தனியாக வெட்டி ஓரம் அடித்தால் அக்காவுக்கு ஒரு துப்பட்டா. முன்பக்கம் இரண்டையும் வெட்டும்போது ஒரு துண்டை வெட்டி அதையே அடுத்ததன்மேல் கவிழ்த்துப் போட்டு, செடிமேல் செடி உட்கார்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெட்டு. நடுவில் பட்டன் போட்டதும் இரண்டு செடியும் ஒரே உயரத்தில் வரும். கடைக்கோட்டுக்கும் நல்ல கோட்டுக்கும் வித்தியாசம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சேலையில் கத்தரி வைக்குமுன் பழைய நாளிதழில் அளவு வரைந்து வெட்டி, அதைக் காடாத் துணியில் ஒரு தரம் தைத்துப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பாரிஸிலும் அப்படித்தான், முதல் தையல் வெள்ளைக் காடாவில்தான். போட்டுக்கொண்டு உட்கார், கையை நீட்டிப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி குனி. கல்யாண வீட்டில் அந்தக் கோட்டோடு நீ சிலைபோல் நிற்கப்போவதில்லை. உள்ளே லைனிங் கட்டாயம். புட்டாவின் பின்பக்கத்து நூல் வளையலில் மாட்டி இழுத்துவிட்டால் முன்பக்கத்தில் பூ சுருங்கிப்போகும்.

இப்போது பாய்.

அம்மா சொல்வதுதான் சரி. பேர் நெய்த பாய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 'பேர் இல்லாத ஓரம்' என்று ஒன்று பாயில் கிடையாது. பத்தமடைப் பாயில் பாவு நூல், ஊடையாகப் போவது கோரை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அத்தனை கோரையையும் அந்த நூல்கள்தான் வரிசையாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓரத்தில் ஒரு சாண் வெட்டினால் அந்தப் பக்கம் நூல்முனை அவிழும், கடைசிக் கோரை நழுவும், அடுத்தது நழுவும். ஆறு மாசத்தில் அவிழ்வது அப்பாவின் பேர் வரை வந்துவிடும். எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு சித்திரை மத்தியானம், என் சொந்தப் பாயைத் துணி வெட்டுகிற மாதிரி நறுக்கென்று வெட்டினேன். கையில் தூக்கியதும் தரையில் உதிர்ந்தது பாதி. மாமியார் ஒன்றுமே சொல்லாமல் விளக்குமாற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நீ பத்தமடைக்கே போ. சேரன்மகாதேவி தாண்டிக் கொஞ்ச தூரம், நீ தினம் போய்வருகிற வழிதான். பேர் போடாத சாதாப் பாயில் சின்ன அளவு, அல்லது தடுக்கு அளவில் நெய்தது கேள். இப்போது அங்கேயே பாயில் பை, ஃபைல் உறை எல்லாம் செய்கிறார்கள், ஆகவே நீ கேட்பது அவர்களுக்கு விநோதமாக இராது. விலை எண்ணிக்கையைப் பொறுத்தது. கோரையை எவ்வளவு மெல்லிசாகப் பிளந்திருக்கிறார்கள், பாவில் எத்தனை நூல் என்பதுதான் கணக்கு. ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, உப்பியதை மறுபடி காயவைத்துத்தான் நெசவுக்கு எடுப்பார்கள். மிக மெல்லிசை 'பட்டுப் பாய்' என்பார்கள், துணி மாதிரிச் சுருட்டலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அந்த ரகம் போனதை ஊரில் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். உன் பைக்கு அவ்வளவு மெல்லிசு தேவையில்லை, வேண்டவும் வேண்டாம். நடுத்தர ரகம்தான் கையில் விறைப்பாக நிற்கும்.

மூடினால் 10 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் வருகிற பைக்கு, 10-க்கு 17 அங்குலத் துண்டு ஒன்று போதும். முன்பக்கம் 6, பின்பக்கம் 6, மூடி 5. இதில் ஒரு சூட்சுமம், இதை மட்டும் தவறவிடாதே. கோரை அந்த 10 அங்குல வாக்கில் ஓட வேண்டும். அப்போது நீ மடிக்கிற கோடு இரண்டு கோரைக்கு நடுவே விழும், கோரை எதுவும் வளையாது, நூல்தான் மடங்கும். மாற்றி வைத்துவிட்டால் ஒவ்வொரு கோரையும் முறியும், நாலு தரம் திறந்து மூடினால் மடிப்பில் நார் நாராகக் கிளம்பிவிடும். கடையில் விற்கிற பாய்ப்பைகளில்கூட இந்தத் தவற்றைப் பார்த்திருக்கிறேன். பையைத் திருப்பி மூடியின் மடிப்பைத்தான் முதலில் பார்ப்பேன், பழக்கதோஷம்.

வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் சிவப்புக் கோட்டின்மேல் தேய்த்துப் பார். சாயம் இறங்கினால் அந்தப் பாயை நனைக்காதே. இறங்கவில்லை என்றால் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி அரைமணி நேரம் வை. கோரை பதமாகும். சாக்பீஸால் அளவு வரைந்து, கோட்டுக்கு உள்ளே கால் அங்குலத்தில் சுற்றிலும் ஒரு தையல், அதை ஒட்டி இன்னொரு தையல். இரண்டும் போட்டபின்தான் கத்தரி. மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி போடு, முடிந்தால் 18. தையல் நீளத்தைப் பெரிதாக வை, 4 மில்லிமீட்டர். சின்னச் சின்னத் தையலாக அடித்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும். கால் மிஷின் இருக்கிறதே என்று கவலைப்படாதே, இதற்கு அதுதான் தோது. மோட்டார் மிஷின் கோரையில் பாய்ந்து ஓடும். கால் மிஷினில் சக்கரத்தைக் கையால் ஒவ்வொரு தையலாகச் சுற்றலாம்.

உள்ளே கேன்வாஸும் லைனிங்கும். ஒட்டுக் கேன்வாஸ் வேண்டாம். அதற்கு வைக்கிற சூட்டில் கோரை பழுத்து நிறம் மாறும். சாதாக் கேன்வாஸைத் தைத்துப் பிடி. மேக்னட் பட்டனைப் பாயில் குத்தாதே, அதன் காது கோரையை அறுத்துவிடும். கேன்வாஸில் குத்திவிட்டுப் பிறகு பாயோடு சேர்த்தால் வெளியே ஒரு தடமும் தெரியாது. 17 அங்குல ஓரம் இரண்டிலும் கோரையின் வெட்டுமுனை நிற்கும். அதற்குக் கிராஸாக வெட்டிய பட்டியால் பைப்பிங். நேர்நூல் பட்டி மூலையில் திரும்பாமல் மடிந்து முட்டும். பட்டிக்கு என்ன துணி? கோட்டுக்குப் போட்ட லைனிங் துணியேதான். அதனால்தான் பையும் கோட்டும் ஒரே கையால் வந்தது என்று தெரியும். ஷோக்களில் 'லுக்' என்று எண் போட்டுக் காட்டுகிறார்களே, அது இவ்வளவுதான்.

பைக்கு மேல் கைப்பிடியாக ஏதாவது வேண்டும் என்றால் உனக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்களிடம் கைக்குள் அடங்குகிற மரவளையம் ஒன்று கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றித் தரச் சொல். சொப்பில் போடுகிற அதே மஞ்சளும் சிவப்பும் வேண்டாம். ஒரே நிறம், அதுவும் கரும்பச்சையோ கறுப்போ. காதுக்குக் காருகுறிச்சி மண்ணில் தோடு செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். செய்யலாம், ஆனால் அடுப்பில் சுட்டு உடைந்ததை எண்ணிவிட்டு எனக்கு எழுது.

வயர் பைக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் தெருவிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். நீ சொல்கிற இத்தாலிப் பை பொட்டேகா வெனெட்டா. 1966-ல் விசென்சாவில் ஆரம்பித்த கம்பெனி. தோலை நாடா நாடாவாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவதுதான் அவர்கள் அடையாளம். பெயரைப் பையின் வெளிப்பக்கம் போடுவதில்லை, பின்னலைப் பார்த்தே ஆள் கண்டுகொள்ள வேண்டும் என்கிற மிதப்பு. நம் ஊர்ப் பெண்கள் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு ஒரு பேர் வைத்து, டிவி சீரியல் பார்த்துக்கொண்டே இதைவிடச் சிக்கலானதைப் போட்டுவிடுவார்கள். நம் கூடை 'காய்கறிக் கூடை'யாகவே தெரிவதற்குக் காரணம் முடிச்சில் இல்லை, மூன்று விஷயத்தில் இருக்கிறது. நிறம் அதிகம், அளவு பெரிசு, கைப்பிடி மெலிசு. ஒரே நிறம் எடு. பழுப்பு, கறுப்பு, அரக்கு, ஏதோ ஒன்று. 8 அங்குல அகலத்தைத் தாண்டாதே. கைப்பிடியை மட்டும் பையின் அளவுக்குப் பொருந்தாத மாதிரி தடியாக, உருண்டையாகப் பின்னு. கண் அங்கே போய் நிற்கும். உள்ளே ஒரு சுருக்குப் பை தைத்துப் போட்டால் ஃபோன் வெளியே எட்டிப் பார்க்காது.

வயர் எவ்வளவு வெட்டுவது என்று யாரிடமும் கேட்காதே, ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். கையிறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு. மிச்ச வயரில் பத்து முடிச்சுப் போட்டு, அதன் நீளத்தை அளந்து, அவிழ்த்து வயரின் நீளத்தை அளந்துவிடு. ஒரு அங்குலக் கூடைக்கு எத்தனை அங்குல வயர் என்று வந்துவிடும். அதன்மேல் ஒரு முழம் கூட்டிக்கொண்டு வெட்டு. நடுவில் வயர் தீர்ந்து ஒட்டுப்போட்ட கூடையைப் போல மனசு உடைக்கிற காட்சி வேறில்லை.

காப்பி என்று கேட்டவருக்குப் பதில் வேண்டும் என்றாயே. அவரிடம் 2025 ஜூன் மாசத்துக் கதையைக் கேள். மிலன் மேடையில் பிராடா கம்பெனியின் ஆண்கள் ஷோவில் ஒரு தோல் செருப்பு நடந்து வந்தது. அச்சு அசல் கோலாப்பூர்ச் செருப்பு. 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது. அவர்கள் குறிப்பில் கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. மகாராஷ்டிரத்தில் சத்தம் கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதே வருஷம் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை, வட இந்திய மிட்டாய்க்கடைப் பேர் அச்சடித்த சாதாரணத் துணிப்பையை 48 டாலர் போட்டு விற்றது. 2017-ல் பாலென்சியாகா கம்பெனி, ஐகியா கடையில் 99 சென்ட்டுக்குக் கிடைத்த நீலப் பையின் சாடையிலேயே தோல் பை செய்து 2,145 டாலர் என்றது. ஐகியா கோபப்படவில்லை. தன் அசல் பையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கிண்டலாக விளம்பரம் போட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்திலேயே பேர்போன பர்கின் பைக்கு முன்னால், நடிகை ஜேன் பர்கின் கையில் இருந்தது ஒரு பிரம்புக் கூடை. எங்கே போனாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவார். ஒரு தரம் விமானத்தில் சாமானெல்லாம் கீழே கொட்டியபோது பக்கத்து இருக்கையில் இருந்தவர் எர்மேஸ் கம்பெனித் தலைவர். அந்தப் பேச்சில் பிறந்து 1984-ல் வந்ததுதான் அந்தத் தோல் பை. அவருக்காகச் செய்த முதல் பை 2025-ல் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. கூடைக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. மணப்பாட்டில் பனை ஓலையில் பெட்டி முடைகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடை ஞாபகம் வரும்.

ஆகவே பார்த்துச் செய்வதில் தப்பில்லை. உனக்காகத் தைத்துப் போட்டுக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டை மட்டும் செய்யாதே. அந்தக் கம்பெனிகளின் பேரையோ முத்திரையையோ உன் பையில் போடாதே, நாளைக்கு விற்க ஆரம்பித்தால் அது சட்டப்படி வம்பு. அதே மாதிரி, வேறு ஊர் மிஷின் பாயை வாங்கித் தைத்துவிட்டுப் பத்தமடைப் பை என்று சொல்லாதே. அதற்கும் 2013-லிருந்து புவிசார் குறியீடு இருக்கிறது. யாராவது "எங்கே வாங்கினே?" என்று கேட்டால் பாரிஸ் பேரை எடுக்காதே, பத்தமடை, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் என்று மூன்று ஊரையும் சொல். எல்லாம் உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

பாய் நெய்கிறவர்களிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பரணில் இருக்கிற பாயையும் எடுத்துக்கொள், வெட்டுவதற்கு இல்லை, காட்டுவதற்கு. எழுத்தையும் கரையையும் பார்த்தே எந்தக் காலத்து நெசவு என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். அப்படியே உன் அக்கா பேரும் மாப்பிள்ளை பேரும் தேதியும் போட்டு ஒரு கல்யாணப் பாய்க்குச் சொல்லிவிடு, கூடவே உன் பைக்கு அதே சாயத்தில் ஒரு தடுக்கு. ஆனால் இந்த மாசமே போக வேண்டும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கோரை காயாது, சாயமும் ஏறாது. பிறகு தையில் வந்து தறிக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.